எம்.எஸ். நோய்க்கு ஆண்டுதோறும் மூளை ஸ்கேன்: குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த கொஞ்ச நாளிலேயே வீட்டில் ஒரு கேள்வி வந்துவிடும். "அதான் ஸ்கேன் எடுத்து நோயைக் கண்டுபிடிச்சாச்சே, இனி எதுக்கு வருஷா வருஷம்?" ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் பணம் போகிற விஷயம், கேள்வி நியாயமானதுதான்.

முதல் ஸ்கேன் நோயைக் கண்டுபிடிக்க. அதற்குப் பிறகு எடுப்பவை எல்லாம், மருந்து வேலை செய்கிறதா, நோய் சத்தமில்லாமல் உள்ளே நகர்கிறதா என்று பார்க்க. இரண்டாவது வகை ஸ்கேனுக்குத் தனியாக மதிப்புக் கிடையாது. முந்தையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது பேசும். அந்த முந்தையது தொலையாமல் இருப்பதும், இரண்டும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டிருப்பதும் பெரும்பாலும் நம் வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது. என் தம்பிக்காக இந்த வேலையைப் பார்த்துவருகிறவன் என்ற முறையில், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் புதிதாக இதற்குள் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் நரம்பியல் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

படத்தில் எதைத் தேடுகிறார்கள்?

உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைத் தாக்குவதுதான் இந்த நோய். மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகிய இடங்களில் தாக்கு விழுகிறது. விழுந்த இடத்தில் தழும்பு நிற்கும். எம்.ஆர்.ஐ. படத்தில் அது புள்ளியாகவோ திட்டாகவோ தெரியும். ரிப்போர்ட்டில் 'லீஷன்' என்று எழுதுவது அதைத்தான்.

ஒரே தடவை படுத்தாலும் மெஷின் பல வகைப் படங்களை எடுக்கிறது. நமக்கு மூன்று பெயர் தெரிந்தால் போதும்.

டி2, ஃப்ளேர் என்ற படங்களில் பழைய தழும்பும் புதிய தழும்பும் வெள்ளையாகத் தெரியும். ஃப்ளேரில் மூளையைச் சுற்றியுள்ள நீர் கறுப்பாகிவிடுவதால் நீரறைகளை ஒட்டியுள்ள திட்டுகள் தெளிவாகத் தெரியும். எம்.எஸ். திட்டுகளுக்கு அந்த இடம் மிகப் பிடித்தமானது. மொத்தம் எத்தனை, போன தடவைக்குப் பிறகு எத்தனை கூடியது என்று எண்ணுவது இந்தப் படங்களில்தான். பொதுவாக 3 மில்லிமீட்டராவது இருந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள்.

காண்ட்ராஸ்ட் போட்டு எடுக்கும் டி1 படம் இரண்டாவது. கையில் ஊசி வழியாக கேடோலினியம் ஏற்றுவார்கள். சாதாரணமாக அது ரத்தக் குழாயை விட்டு மூளைத் திசுவுக்குள் போகாது. புதிதாக அழற்சி நடக்கிற இடத்தில் ரத்தக் குழாய்ச் சுவர் கசிவதால் அங்கே மட்டும் உள்ளே போய்ப் பளிச்சென்று தெரியும். இந்தப் பளிச்சு பெரும்பாலும் சில வாரங்கள்தான் நிற்கும், அதற்குள் அடங்கிவிடும். ஆகவே காண்ட்ராஸ்டில் ஒளிர்ந்தால் அது அண்மையில் நடந்த தாக்குதல். ஒளிராவிட்டால் 'இந்தச் சில வாரங்களில் இல்லை' என்று மட்டுமே அர்த்தம். ஆண்டு முழுக்க அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, காண்ட்ராஸ்ட் இல்லாத டி1 படத்தில் நிரந்தரமாகக் கறுத்துத் தெரியும் புள்ளிகள். மருத்துவர்கள் 'பிளாக் ஹோல்' என்பார்கள். அங்கே உறை மட்டுமல்ல, நரம்பு இழையும் சேதப்பட்டிருக்கிறது.

படத்தில் புதிய திட்டு தோன்றுவது, வெளியே தெரியும் நோய்த் தாக்கத்தைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு அடிக்கடி நடக்கும். ஆள் நன்றாக நடப்பார், கடைக்குப் போவார், கோயில் கொடைக்கு நின்று வேலை பார்ப்பார். உள்ளே இரண்டு புதுத் திட்டு விழுந்திருக்கும். ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

எப்போதெல்லாம் எடுக்க வேண்டும்?

ஐரோப்பா, வட அமெரிக்க நிபுணர் குழுக்கள் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட பரிந்துரையைத்தான் பல நரம்பியல் மருத்துவர்கள் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் சாரம் இப்படி:

1. மருந்து தொடங்குவதற்கு முன் ஒரு ஸ்கேன்.
2. மருந்து தொடங்கி 3 முதல் 6 மாதத்துக்குள் இன்னொன்று. இனி ஒப்பிடப்போவது இதனோடுதான்.
3. அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. நோய் பல வருடம் அசையாமல் இருந்தால் மருத்துவர் இடைவெளியைக் கூட்டலாம். சந்தேகம் இருந்தால் குறைக்கலாம்.

இரண்டாவதைப் பணம் மிச்சம் என்று தவறவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் விடவே கூடாதது அதுதான். எந்த மருந்தும் போட்ட மறுநாளே வேலை செய்யாது. முழுப் பலன் வருவதற்குள் ஒன்றிரண்டு திட்டு புதிதாக விழலாம். நடுவில் ஸ்கேன் இல்லாமல் நேரே ஓராண்டு கழித்து எடுத்தால், அந்தத் திட்டு மருந்து பிடிப்பதற்கு முன் வந்ததா, பிடித்த பிறகும் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல மருந்தைத் தோற்றது என்று தூக்கிப்போடவும் நேரலாம். மெதுவாகப் பிடிக்கும் மருந்தென்றால் மருத்துவர் இந்த ஸ்கேனைக் கொஞ்சம் தள்ளிச் சொல்வார்.

நாட்டலிசுமாப் ஊசி போடுகிறவர்கள் கதை வேறு. ரத்தத்தில் ஜேசி வைரஸுக்கு எதிர்ப்பொருள் இருந்து, ஊசியும் நீண்ட காலமாகப் போட்டுவந்தால், பி.எம்.எல். என்ற மூளைத் தொற்று வரும் ஆபத்து கூடுகிறது. அதை முன்கூட்டியே பிடிக்க 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் கேட்பார்கள். இதில் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கர்ப்ப காலத்தில் காண்ட்ராஸ்டைத் தவிர்ப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு சில மாதத்தில் புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்து அங்கிருந்து கணக்கைத் தொடங்குவது வழக்கம்.

எங்கே எடுப்பது?

நம் மாவட்டத்தில் மேற்கே இருப்பவர்கள் திருவனந்தபுரத்துக்கும் கிழக்கே இருப்பவர்கள் திருநெல்வேலி, மதுரைக்கும் போவது பழக்கம். களியக்காவிளை தாண்டினால் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் போன்ற பெரிய நரம்பியல் மையம் இருக்கிறது. இந்தப் பக்கம் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போதாக்குறைக்கு வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர் முதல் ஸ்கேனை அங்கேயே எடுத்திருப்பார். ஆக ஒரே ஆளுக்கு ஐந்து ஸ்கேன் இருந்தால் நான்கு ஊரில் எடுத்தவையாக இருக்கும். ஒப்பிடுவதற்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

முடிந்தவரை ஒரே இடம், ஒரே மெஷின். மருத்துவர் எந்த ஊரிலும் இருக்கட்டும், ஸ்கேன் மட்டும் ஒரே சென்டரில் என்று முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஏனென்றால் 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த பலத்தின் அளவு) மெஷினில் தெரியாத சின்னத் திட்டு 3 டெஸ்லாவில் தெரியும். அது புதிதாக வந்ததல்ல. முன்பே இருந்தது, இப்போதுதான் கண்ணில் பட்டது. இது புரியாமல் 'நோய் கூடிவிட்டது' என்று வீடே இடிந்து உட்கார்ந்துவிடும். 3 டெஸ்லா கிடைத்தால் நல்லது, 1.5 போதும், அதற்குக் குறைந்த மெஷின் இந்த வேலைக்கு ஆகாது.

டெஸ்லாவை விட முக்கியம் துண்டின் தடிமன். மெஷின் மூளையைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கிறது. சாதாரணத் தலைவலிக்கு எடுக்கும் ஸ்கேனில் 5 மில்லிமீட்டர் தடிமனில், நடுவில் இடைவெளியும் விட்டு எடுப்பது உண்டு. ஏத்தங்காயைத் தடிமனாக வெட்டி, ஒன்றுவிட்டு ஒரு துண்டை எறிந்துவிட்டால் உள்ளே இருந்த சின்னக் கறுப்பு எந்தத் துண்டோடு போனது என்று தெரியாதல்லவா, அதே கதை. எம்.எஸ். கண்காணிப்புக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, இடைவெளியும் கூடாது. அதைவிட நல்லது 1 மில்லிமீட்டர் அளவில் எடுக்கும் முப்பரிமாண ஃப்ளேர். எம்.எஸ்.-க்கென்று வகுத்த இந்தப் படமெடுக்கும் முறையைத்தான் 'எம்.எஸ். புரோட்டோகால்' என்பார்கள். பதிவு செய்ய போன் பண்ணும்போதே இப்படிக் கேளுங்கள்: "எம்.எஸ். புரோட்டோகால் உண்டா? த்ரீ-டி ஃப்ளேர் எடுப்பீங்களா? பழைய படத்தோட ஒப்பிட்டு ரிப்போர்ட் தருவீங்களா?" மூன்றுக்கும் ஆமாம் என்றால் அந்த சென்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு, மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த ஸ்கேன் அதில் வருமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேரளத்துக்குப் போய் எடுப்பதானால் அட்டை அங்கே செல்லுமா என்பதையும் புறப்படும் முன்பே உறுதிசெய்ய வேண்டும்.

காண்ட்ராஸ்ட் ஒவ்வொரு தடவையும் வேண்டுமா?

வேண்டியதில்லை. நோயை முதலில் உறுதிசெய்யும்போது அது பெரிய உதவி. மூளையிலும் தண்டுவடத்திலும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலத்தில் தாக்கு நடந்திருக்கிறது என்று காட்டுவதுதான் 2001-இல் வந்து பலமுறை திருத்தப்பட்ட, நோயை உறுதிசெய்யும் மெக்டொனால்ட் விதிகளுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. ஒரே ஸ்கேனில் ஒளிரும் திட்டும் ஒளிராத திட்டும் சேர்ந்து இருந்தால் காலவேறுபாடு அங்கேயே கிடைத்துவிடும். ஆனால் ஆண்டுக் கண்காணிப்பில், பழைய படம் நல்ல தரத்தில் கைவசம் இருந்தால், ஃப்ளேரில் புதுத் திட்டை எண்ணியே காரியம் முடியும்.

பலமுறை காண்ட்ராஸ்ட் போட்டவர்களின் மூளையில் கேடோலினியம் கொஞ்சம் தங்குவது 2014 முதல் தெரியவந்திருக்கிறது. அதனால் இன்ன கெடுதல் என்று நிரூபணமாகவில்லை; ஆனாலும் தேவையில்லாமல் ஏற்ற வேண்டாம் என்பதுதான் இப்போதைய போக்கு. இறுகப் பிணைந்த மேக்ரோசைக்ளிக் வகை மருந்து குறைவாகத் தங்கும், அதைக் கேட்டு வாங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று. ஸ்டீராய்டு ஏற்றினால் ஒளிரும் திட்டு சீக்கிரம் அடங்கிவிடும். திடீர்த் தாக்கத்துக்கு மெத்தில்பிரெட்னிசலோன் மூன்று நாளோ ஐந்து நாளோ ஏற்றிவிட்டு அடுத்த வாரம் காண்ட்ராஸ்ட் ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஸ்கேனுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். எந்தத் தேதியில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள் என்பதைப் படம் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

ஸ்கேன் அன்று

மெஷினின் காந்தம் எப்போதும் உயிரோடு இருக்கும். 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப் புலத்தைப் போலச் சுமார் முப்பதாயிரம் மடங்கு. எக்ஸ்-ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை, ஆகவே ஆண்டுதோறும் எடுப்பதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது உலோகத்துக்குத்தான்.

"எல்லாத்தையும் கழத்தியாச்சா அண்ணாச்சி?"

"ஆச்சு மக்கா. இடுப்புல அரைஞாண் மட்டும் கெடக்கு."

அதையும் கழற்ற வேண்டும். அரைஞாண், தாயத்து, மெட்டி, தாலிச் சங்கிலி, கொண்டை ஊசி, சேலையில் குத்திய ஊக்கு, ஹியரிங் எய்ட் எல்லாம் வெளியே. தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள், மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வரலாமா என்று டெக்னீஷியனிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளலாம். மெட்டி இறுகிக் கழலாமல் இருந்தால் வீட்டிலேயே சோப்புப் போட்டு எடுத்துவிட்டு வாருங்கள். வெல்டிங், லேத் பட்டறை வேலை பார்த்தவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் பொடி இரும்பு எப்போதாவது தெறித்திருந்தால் முதலில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காப்பர்-டி, எலும்பில் பிளேட் எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றுக்கு வழி உண்டு, ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூளைக்கு மட்டும் அரை மணிக்கு மேல் ஆகும், தண்டுவடமும் சேர்ந்தால் ஒரு மணி நேரம் தாண்டும். இந்த நோயில் மூத்திரத்தை அடக்குவது பலருக்கும் கஷ்டம் என்பதால் உள்ளே போகும் முன் கழிப்பறைக்குப் போய்வருவது முதல் வேலை. கால் வெட்டி இழுக்கிறவர்கள் தசை இறுக்கத்துக்கான மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டே வரலாம். கால் அசைந்தால் படம் கலங்கும், கலங்கிய படத்தில் சின்னத் திட்டு தெரியாது, கட்டிய பணம் வீண். அடைபட்ட இடத்தில் பயம் வரும் என்றால் வெட்கப்படாமல் முன்பே சொல்லுங்கள். சத்தத்துக்குக் காதில் அடைப்பான் தருவார்கள்.

வெயில் ஏறும் முன் நேரம் கேட்டு வாங்குங்கள். உடம்பு சூடானால் எம்.எஸ். உள்ளவர்களுக்குப் பழைய தொந்தரவே மறுபடி தலைகாட்டும், கண் மங்கும், கால் துவளும். மதிய வெயிலில் வடசேரி பஸ் நிலையத்தில் நின்று வந்தவரைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பதற வேண்டாம். குளிர்ந்து ஓய்வெடுத்தால் அடங்கும்.

படத்தைப் பாதுகாப்பது

ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள். முழுப் படமும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கம்ப்யூட்டர் கோப்பு) வடிவில் சிடியிலோ பென் டிரைவிலோ வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் போனில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவது தகவலுக்குச் சரி, ஒப்பிட உதவாது.

சிடியை அன்றைக்கே கம்ப்யூட்டரில் போட்டு, திறக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை எங்களுக்குக் கிடைத்த சிடியில் வேறொரு ஆளின் முழங்கால் இருந்தது. அன்றே பார்த்ததால் அன்றே மாற்ற முடிந்தது. அப்புறம் பென் டிரைவ் ஒன்று, ஆன்லைன் சேமிப்பு ஒன்று என இரண்டு பிரதி. கோப்புறைப் பெயரில் தேதி, இடம், டெஸ்லா, காண்ட்ராஸ்ட் உண்டா இல்லையா என்று எழுதிவிடுங்கள். இடவப்பாதி ஒன்று, ஐப்பசி மழை ஒன்று என வருடத்தில் பாதி நாள் ஈரம் குடிக்கிற ஊர் நம்முடையது. ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தட்டையாக, காற்றுப் புகாத உறையில், பீரோ மேல்தட்டில் வையுங்கள்.

கூடவே ஒரு நோட்டு. புதிதாக ஒரு தொந்தரவு வந்த தேதி, எத்தனை நாள் இருந்தது, அப்போது காய்ச்சல், மூத்திரத் தொற்று உண்டா, என்ன மருந்து எப்போது தொடங்கியது. இவ்வளவு போதும். படத்தில் தெரியும் புதுத் திட்டையும் ஆளுக்கு நடந்ததையும் மருத்துவர் இணைத்துப் பார்ப்பது இதை வைத்துத்தான்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

கடைசியில் உள்ள முடிவுரைப் பத்தியை முதலில் பாருங்கள். அங்கே மூன்று பதில் இருக்க வேண்டும்: புதிய திட்டு உண்டா, பழையது பெரிதாகியிருக்கிறதா, காண்ட்ராஸ்ட் போட்டிருந்தால் ஒளிர்வது உண்டா. 'இன்ன தேதி ஸ்கேனுடன் ஒப்பிடப்பட்டது' என்ற வரி இல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். பழைய சிடியைக் கொடுத்து, ஒப்பிட்டு எழுதித் தரும்படி தயங்காமல் கேளுங்கள்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். நிறையத் திட்டு இருந்தும் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. நாலைந்து திட்டோடு கைத்தடி பிடித்தவர்களும் உண்டு. எங்கே விழுந்தது என்பது பெரிய விஷயம். தண்டுவடத்திலோ மூளைத் தண்டிலோ விழும் சின்னத் திட்டு, மூளையின் வெள்ளைப் பகுதியில் விழும் பெரிய திட்டைவிட அதிகம் படுத்தும். தண்டுவட ஸ்கேனை ஒவ்வொரு ஆண்டும் கேட்க மாட்டார்கள். ஆனால் மூளைப் படம் மாறாமல் இருந்து நடை மட்டும் மோசமானால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கு மேல் தண்டுவடத்தில் நீண்ட திட்டு என்று ரிப்போர்ட் சொன்னால், என்.எம்.ஓ. அல்லது மாக் எதிர்ப்பொருள் நோயாக (இரண்டும் கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறு நோய்கள்) இருக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பார்க்க எம்.எஸ். போலவே இருக்கும், சிகிச்சை வேறு. எம்.எஸ்.-க்குத் தரும் சில மருந்துகள் என்.எம்.ஓ.வைக் கூட்டிவிடும். ரத்தப் பரிசோதனையில் அக்வாபோரின்-4, மாக் எதிர்ப்பொருள்களைப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

'மூளைச் சுருக்கம்' என்று பார்த்துப் பதறுவோர் உண்டு. வயது ஏறினால் எல்லோருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கும், எம்.எஸ்.-இல் சற்று வேகமாக. ஆனால் ஒரு வருட வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் எடுத்தாலே அளவு கொஞ்சம் மாறும். அதனால் ஒரு தனி ஆளுக்கு அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

புதுத் திட்டு ஒன்று வந்ததும் மருந்தை மாற்றியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. திட்டின் எண்ணிக்கை, இடம், மருந்தை ஒழுங்காக எடுத்தாரா, இடையில் தாக்கம் வந்ததா எல்லாம் சேர்த்துத்தான் முடிவு. பல புதுத் திட்டோ, ஒளிரும் திட்டோ இருந்தால் வலுவான மருந்துக்குப் போவதைப் பற்றி மருத்துவரே பேச்செடுப்பார். எதிர்ப்பக்கமும் உண்டு. படம் வருடக்கணக்காக மாறாமல் இருந்தும் நடை மெல்ல மெல்லக் குறையலாம். நோயின் ஒரு பகுதி இந்தப் படத்தில் பிடிபடுவதில்லை. ஸ்கேன் நன்றாக இருக்கிறதே என்று நோயாளி சொல்லும் கஷ்டத்தை வீட்டில் உள்ளவர்கள் தள்ளிவிடக் கூடாது.

அடுத்த ஸ்கேன் தேதி வரும்வரை

காய்ச்சலோ தொற்றோ இல்லாத நேரத்தில், ஒரு கண் மங்குதல், கை கால் மரத்துப்போதல், இரட்டையாகத் தெரிதல், நடை தடுமாறுதல் போல ஏதாவது புதிதாக வந்து 24 மணி நேரம் தாண்டி நின்றால் ஆண்டு ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். மருத்துவரை அழையுங்கள். நோட்டையும் பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு ஆவணங்களில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று இருக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, நரம்பியல் மருத்துவரின் கடிதத்தோடு ஒப்பிட்டு எழுதிய அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டுகளின் நகலையும் வரிசையாக வைத்துக் கொடுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.